ஆடையும் அலமாரியும்

(இல்லறத்தார் அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் தத்துவமும் வரலாறும் பேசப்படுவதே வழக்கம். அத்தகைய மேடையில் துணி மாட்டும் ஹேங்கரைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். புன்னகைக்கட்டும். ஆயினும், ஓர் இல்லத்தில் காலையில் மிகுதியாகத் திறந்து மூடப்படும் கதவு துணி அலமாரியின் கதவுதான். ஆலயத்துக்குப் புறப்படும் வேளையில் அபிடேகத்துக்கென்று தனியே வைத்த வேட்டி அகப்படாமல் எழும் சினமும், சீருடையின் ஒரு பகுதி கிடைத்து மறு பகுதி கிடைக்காத பிள்ளையின் கண்ணீரும் எல்லா இல்லங்களும் அறிந்தவை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதை அரை மணி நேரம் எண்ணிப் பார்ப்பது வீணாகாது.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்களின் பழைய வீடுகளில் அலமாரி என்று தனியே ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. விட்டத்திலிருந்து இரு கயிறுகளில் தொங்கும் ஒரு மூங்கில் கொடி. நாள்தோறும் உடுத்தும் வேட்டி சேலைகள் அதன்மேல் கிடக்கும். நல்ல நாள் உடைகள் டிரங்குப் பெட்டியில் இருக்கும். சுவர்களில் ஓர் அடி ஆழத்துக்கு மாடங்கள். இவ்வளவே ஏற்பாடு. காற்று தாராளமாக உலவிய கூடத்தில் துணிக்குப் பூசணம் பிடித்ததில்லை. இருந்ததே சிலவாதலால் எதுவும் தொலைந்ததுமில்லை. பின்னர் படிப்புக்காகவும் பணிக்காகவும் குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. இரு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் நால்வர் உடைகளும் இரண்டு சுவரலமாரிகளுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. கொடியில் கிடந்தது கம்பிக்கு வந்தது. கம்பிக்கு ஹேங்கர் வேண்டியிருந்தது. சந்தையில் டஜன் கணக்கில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி மாட்டியதோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

அந்த அவசரத்தில் விடுபட்டது ஆழம். பெரியவர்களுக்கான ஹேங்கர் ஏறத்தாழ 17 அங்குல அகலம் உடையது. அதில் மாட்டிய சட்டையின் கைகள் இருபுறமும் இன்னும் சிறிது வெளியே நிற்கும். ஆகவே கம்பியை அலமாரியின் நீளவாக்கில் பொருத்துவதாயின், உட்புற ஆழம் 22 அங்குலமாவது இருத்தல் வேண்டும். 2 அடி இருந்தால் நலம். வீடு கட்டும்போது பலர் விடுவதோ ஒன்றேகால் அடி, அல்லது ஒன்றரை அடி. கதவை அழுத்தி மூடுகிறார்கள். சட்டைக் கைகள் மடிந்து கசங்குகின்றன. இஸ்திரி போட்ட பயன் ஒரே இரவில் போய்விடுகிறது. குற்றம் ஹேங்கருடையதன்று. ஆழம் குறைந்த அலமாரியில் கம்பியை முன்பின்னாக, கதவை நோக்கியவாறு பொருத்துவதே தீர்வு. முன்னுக்கு இழுத்துத் தள்ளக்கூடிய சிறு கம்பிகள் இதற்கென்றே கிடைக்கின்றன. ஒரு கம்பியில் ஐந்தாறு உடைகளே கொள்ளும் என்பது குறைதான். ஆனால் ஒவ்வொன்றும் முழு முகத்தோடு தெரியும். எஃகு பீரோவின் ஆழம் பொதுவாக 19 அங்குலத்தை ஒட்டியிருக்கும். அதில் ஹேங்கர் அடங்கும். பருத்த கோட்டு முதலியன கதவை உரசும்.

கம்பியும் கவனத்துக்குரியது. மூன்று அடி நீளக் கம்பியில் 36 சட்டைகளை நெருக்கி மாட்டினால், ஹேங்கரோடு சேர்த்து 10 கிலோவுக்கு மேல் எடை ஏறிவிடும். மெல்லிய அலுமினியக் குழாய் சில ஆண்டுகளில் நடுவில் தொய்ந்து, உடைகளெல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கி வழுக்கிவரும். கனமான எஃகுக் குழாயே தக்கது. மூன்றடிக்கு மேற்பட்ட நீளமாயின் நடுவில் ஒரு தாங்கி கட்டாயம் வேண்டும்.

இனி ஹேங்கர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1903ஆம் ஆண்டு, கம்பிப் பொருள்கள் செய்யும் ஆலையில் பணியாற்றிய ஒருவர், மேலங்கி மாட்டும் கொக்கிகள் எல்லாம் நிரம்பியிருக்கக் கண்டு, கையில் கிடைத்த கம்பியை வளைத்து அதில் தம் அங்கியை மாட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. இன்றும் சலவைக் கடையிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஹேங்கர் அந்த வம்சத்ததுதான். அது சலவைக் கடையிலிருந்து வீடு வந்து சேரும் வரைக்கும் செய்யப்பட்டது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருப்பதற்கன்று. அதன் மெல்லிய தோள்கள் சட்டையின் தோளில் கூம்பு போன்ற ஒரு முடிச்சை எழுப்பிவிடும். மேற்பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறும்; கடற்காற்று வீசும் சென்னை, புதுச்சேரி போன்ற ஊர்களில் அது விரைவாகவே நிகழும். வெள்ளை வேட்டியில் ஏறிய துருக்கறையைப் போக்க எந்தச் சோப்புக்கும் எளிதில் இயலாது. எனவே சலவையோடு வந்த கம்பியைச் சலவைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நன்று. அவருக்கு அது மீண்டும் பயன்படும்.

பிளாஸ்டிக் ஹேங்கர் வாங்குவோர் கடையிலேயே மூன்று காரியம் செய்து பார்க்கலாம். இரு தோள்களையும் பிடித்து மெல்ல வளைத்தால் சற்றே வளைந்து மீள வேண்டும். விறைப்பாக நின்று கிறீச்சிடுவது விரைவில் முறியும். கொக்கி உடலோடு சேருமிடத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஹேங்கர்கள் உயிர் விடுவது அவ்விடத்தில்தான். மூன்றாவதாக, அச்சில் வார்த்த மூட்டுக்கோட்டின் மேல் சேலை முந்தானையின் ஓரத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் சிக்கினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், சேலை அவருடையதன்று.

மர ஹேங்கர் தோளுக்கு நல்ல தாங்கல் தரும். கோட்டுக்கும் கனமான குர்த்தாவுக்கும் அதுவே சிறந்தது. ஆனால் தடிமன் மிகுதி. ஒரு மர ஹேங்கர் இருக்குமிடத்தில் மெலிந்த ஹேங்கர்கள் இரண்டு மூன்று இருக்கும். சாயமிட்ட மரத்தில் மாட்டிய ஈரத்துணியில் கறை ஏறுவதும் உண்டு. வெல்வெட்டு போர்த்திய மெல்லிய ஹேங்கர் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. வழுக்கும் துணிகளை அது விடாது பற்றிக்கொள்ளும். இடமும் சிறிதே பிடிக்கும். ஆனால் தூசியையும் ஈரத்தையும் அதேபோலப் பற்றிக்கொள்ளும் என்பதால் மழை நாளில் அரைகுறையாக உலர்ந்த உடையை அதில் மாட்டலாகாது. பிள்ளைகளுக்குச் சிறு ஹேங்கரே வேண்டும். 17 அங்குல ஹேங்கரில் ஆறு வயதுப் பிள்ளையின் சட்டையைத் திணித்தால் கழுத்து விரிந்து, தோள் தையல் கையில் வந்து நிற்கும். ஹேங்கரின் முனை தோள் தையலுக்குச் சற்று உள்ளேயே முடிய வேண்டும் என்பது பெரியவர்க்கும் சிறியவர்க்கும் பொதுவான அளவு.

எல்லா உடையும் தொங்கப் பிறந்தவை அல்ல. பனியன் துணியில் தைத்தவையும் கம்பளிச் சட்டைகளும் தம் எடையாலேயே நீண்டு உருக்குலையும். அவற்றை மடித்தே வைக்க வேண்டும். அன்றாடம் உடுத்தும் பருத்திச் சேலையைப் பருத்த குறுக்குக் கம்பியுடைய ஹேங்கரில் போடலாம். சரிகை கனத்த பட்டுச் சேலையை நெடுநாள் தொங்கவிட்டால் சரிகையின் பாரம் பட்டு இழையை இழுத்து நலித்துவிடும். பட்டுப்புழுவை எண்ணிப் பட்டையே தவிர்க்கும் இல்லங்கள் பல உண்டு, அது போற்றத்தக்கது. ஆயினும் பாட்டியின் திருமணச் சேலை பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சிதைய விடுவதால் எவ்வுயிரும் மீளப்போவதில்லை. அதனை மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்து வைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த சேலையைப் பேத்தி ஆசையோடு விரிக்கும்போது, மடித்த கோடுகளெல்லாம் கத்தியால் கீறியதுபோல் பிளந்து நிற்பதைக் கண்ட இல்லங்கள் உண்டு. கடையில் தந்த பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைப்பதும் தவறு. உள்ளே சிறைப்பட்ட ஈரம் சரிகையைக் கறுக்க வைக்கும்.

இவ்வுரையின் மிகமுக்கியமான பகுதி இனித்தான் வருகிறது. தாய்மார்கள், குறிப்பாகப் பேறுகாலம் நெருங்கிய பெண்கள் உள்ள இல்லத்தார், இதனைச் செவிசாய்த்துக் கேட்க வேண்டும்.

அலமாரியென்றால் அந்துருண்டை என்பது ஊரறிந்த வழக்கமாகிவிட்டது. வெள்ளை வெளேரென்று மிட்டாய்போல் உருண்டையாக இருக்கும் அது பெரும்பாலும் நாப்தலீன் என்னும் வேதிப்பொருள். திறந்த வெளியில் மெல்லக் கரைந்து ஆவியாவது அதன் இயல்பு. அந்த ஆவி மூடிய பெட்டிக்குள் செறியும்போது பூச்சியை விரட்டுவதோடு நில்லாது, அதன் புழுவையும் கொல்லும். விளக்கு வைத்தபின் உண்பதால் சிற்றுயிர் வதைபடுமே என்று அஞ்சி இரவுணவையே விலக்கும் இல்லத்தில், படுக்கையறையின் அலமாரிக்குள் ஒரு கொலைக்கூடம் யாரும் எண்ணாமலே ஆண்டு முழுதும் இயங்குகிறது.

அதனினும் அச்சந்தரும் செய்தி மற்றொன்று. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் இந்நாட்டில் கணிசமாகப் பிறக்கின்றன. பார்வைக்கு அவர்கள் முழு நலத்தோடு இருப்பார்கள். பெற்றோர்க்கு அக்குறை தெரிந்திருப்பது அரிது. அத்தகைய குழந்தையின் உடலுக்குள் நாப்தலீன் புகுந்தால் குருதியின் சிவப்பணுக்கள் சிதையும், கடும் மஞ்சள் காமாலை காணும், அது மூளையைத் தாக்கவும் கூடும், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. விழுங்கினால் மட்டுமே இத்தீங்கு என்று எண்ணுவது பிழை. அந்துருண்டையோடு கிடந்த துணியில் குழந்தையைச் சுற்றுவதாலேயே இது நேர்ந்ததை மருத்துவ நூல்கள் பதிவு செய்துள்ளன. எண்ணெய் தேய்த்த தோலில் அப்பொருள் இன்னும் எளிதாக ஊடுருவும்.

இவ்விடத்தில் தமிழ் இல்லங்களின் வழக்கத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். பிள்ளை பிறந்ததும் புதுத்துணி உறுத்தும் என்று, பாட்டியின் பழைய பருத்திச் சேலையையும் தாத்தாவின் தேய்ந்த வேட்டியையும் பெட்டியிலிருந்து எடுத்து, கிழித்துத் துண்டாக்கி, பிள்ளையைச் சுற்றுகிறார்கள், தூளி கட்டுகிறார்கள். நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். அன்பினால் எழுந்த நல்ல வழக்கம் அது. பழந்துணியின் மென்மைக்கு ஈடில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் பல்லாண்டுகளாக அந்துருண்டை கிடந்திருந்தால்? ஆகவே பேறுகாலத்துக்குச் சில மாதங்கள் முன்னரே அத்துணிகளை வெளியே எடுத்து, பலமுறை துவைத்து, வெயிலிலும் காற்றிலும் பல நாள் உலர்த்தி, அந்துருண்டை அறியாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். மணம் சிறிதளவு எஞ்சியிருப்பினும் அத்துணி குழந்தைக்கு ஆகாது. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அந்துருண்டை இருத்தலே கூடாது. மிட்டாய் என்று அது வாயில் போட்டுக்கொள்ளும். பிறந்த குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்தால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வீட்டில் அந்துருண்டை இருந்ததாயின் அதனையும் மறவாது அவரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பூச்சிக்கு என்ன வழி? பூச்சி ஏன் வருகிறது என்று கேட்பதே வழி. அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவே தின்கிறது. அப்புழுவுக்குக் கம்பளியும் பட்டும் உணவு. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த துணி அதற்கு விருந்து. இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் கஞ்சியில் உள்ள மாவுப்பொருளே குறி. ஒருமுறைதான் உடுத்தியது என்று துவைக்காமல் உள்ளே வைத்த சேலையும், கஞ்சி முறுக்கோடு மாதக்கணக்கில் கிடக்கும் வேட்டியும் அழைப்பிதழ் அனுப்புகின்றன. வந்த விருந்தினரை நஞ்சிட்டுக் கொல்வது பின்னர் நிகழ்கிறது. நெடுநாள் வைக்கவேண்டிய துணியைக் கஞ்சி போக அலசி, நன்கு உலர்த்தி வைத்தால் பூச்சிக்கு அங்கே வேலையில்லை. உலர்ந்த வேப்பிலை, வசம்பு, கிராம்பு ஆகியவற்றைச் சிறு பருத்திப் பைகளில் கட்டி மூலைகளில் வைப்பது முன்னோர் கைக்கொண்ட முறை. மணம் சில மாதங்களில் மங்குமாதலால் மாற்றிவிட வேண்டும். இலை நேரே துணியில் படலாகாது, கறை ஏறும்.

எடுத்தலிலும் வைத்தலிலும் உயிர்க்கு ஊறு நேராத கவனம் என்பது துறவியர்க்கு வகுத்த ஐந்து சமிதிகளுள் ஒன்று. மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கிப் பார்த்த பின்னரே அவர்கள் ஒரு பொருளை எடுப்பர், வைப்பர். இல்லறத்தார் அவ்வளவுக்குச் செல்ல இயலாதெனினும், மாதம் ஒருநாள் அலமாரியைக் காலி செய்து, துணிகளை மாடியில் மெல்ல உதறி, தட்டுகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து வைப்பது அரிய செயலன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசணமும் இதே கவனத்தைக் கேட்கும். பூத்த பின் துடைப்பதும் உயிர்க்கேடே. பூக்காமல் காப்பதே நன்று. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் மிகுதி. பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நிறுத்த வேண்டும். இஸ்திரியின் சூடு ஆறாத துணியில் நீராவி இருக்கும். ஒரு மணி நேரம் வெளியே ஆறவிட்டு உள்ளே வைப்பது நலம். மழை விட்ட வேளையில் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைச் சிறிது நேரம் சுழல விட்டாலே பெரும் பயன் உண்டு.

காற்றோட்டம் என்று சொன்னவுடன் எண்ணிக்கை வந்து நிற்கிறது. மெல்லிய சட்டை ஒன்று கம்பியில் ஓர் அங்குல இடம் பிடிக்கும். மூன்றடிக் கம்பியில் 36 கொள்ளும். காற்றுக்குக் கால் பங்கு விட்டால் 27. இதற்கு மேல் மாட்டினால் இஸ்திரிக்குப் பயனில்லை, கண்ணுக்கும் எதுவும் தெரியாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், இவ்வளவு போதும் என்று ஒருவர் தமக்குத் தாமே அளவு வகுத்துக்கொள்வதாகும். நிலம், வீடு, பொன், தானியத்தோடு ஆடையும் அவ்வரிசையில் எண்ணப்படும். நிலத்துக்குப் பட்டா உண்டு, பொன்னுக்கு எடை உண்டு. ஆடைக்கு மட்டும் கணக்கு வைப்போர் அரியர். ஹேங்கரே அக்கணக்கைக் காட்டிவிடும். ஆளுக்கு இத்தனை ஹேங்கர் என்று வகுத்துக்கொண்டு, புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்று இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எழுதி வைக்கும் ஏடு தேவையில்லை. கூடுதல் ஹேங்கர் வாங்குவதில்லை என்பது மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். அங்கேதான் பலரது விரதம் தளர்கிறது.

எதை இறக்குவது என்பதற்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் எல்லா ஹேங்கர்களின் கொக்கிகளையும் எதிர்த்திசையில் திருப்பி மாட்ட வேண்டும். உடுத்தித் துவைத்து மீண்டும் மாட்டும்போது நேராக மாட்ட வேண்டும். ஆண்டு முடிவில் திரும்பியே நிற்பவை எவை என்று கம்பியே காட்டும். அவற்றைக் கொடுப்பதாயின் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். கிழிந்ததைக் கொடுப்பது குப்பையைப் பிறர் வீட்டுக்கு இடம் மாற்றுவது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

கொக்கி திருப்பும் உபாயம் செல்லாத ஒரு தட்டு மட்டும் சில இல்லங்களில் உண்டு. மறைந்த பெரியவரின் வேட்டிகளும் சட்டைகளும் அவர் வைத்த வரிசையிலேயே அங்கே இருக்கும். பிள்ளைகள் ஒரு ஞாயிறன்று அதனை ஒழிக்க முற்படும்போது தாயார் ஒன்றும் சொல்லாமல் அலமாரிக்கு முன் வந்து நின்றுகொள்வார். அவரை அவசரப்படுத்தலாகாது. ஆண்டு ஒன்றோ இரண்டோ செல்லட்டும். பின்னர் அவர் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கச் செய்வது நலம். அவர் அளவுக்கு ஒத்த உழைப்பாளி ஒருவர், வீட்டுக்கு அறிமுகமானவர், அவற்றை உடுத்தி வந்து நிற்பதை அத்தாயார் பார்க்க நேர்ந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஆலயத்துக்கு அவர் உடுத்திச் சென்ற வேட்டியும் துண்டும் மட்டும் இருக்கட்டும். அவை ஹேங்கரில் தொங்க வேண்டியதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒரு சிறு வசம்புப் பையோடு மேல்தட்டில் வைத்தால் போதும். மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றி மடிக்க வேண்டும்.